கேம்பிங் ட்ரெய்லருக்கு வீட்டிலேயே கொசுவலைக் கதவு செய்து மாட்ட முடியுமா?

திருவொற்றியூர் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய சரக்கு ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, மேலே கூண்டு கட்டி, கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து, குடும்பத்தில் நான்கு பேரோடு பழவேற்காடு ஏரிப் பக்கம் போய்த் தங்குகிறார். கதவைத் திறந்து வைத்தால் கொசு, சாத்தினால் புழுக்கம். ஆன்லைனில் வாங்கிய காந்தத் திரை முதல் நாள் கடல்காற்றுக்கே பிய்த்துக்கொண்டு திறந்துவிட்டது. எந்த வலை நல்லது, கதவை நானே செய்யலாமா என்று கேட்கிறார். கூடவே அவர் எழுதியிருக்கும் விவரங்கள்தான் முக்கியம். வாசல் இரண்டு அடி அகலம், ஐந்தே கால் அடி உயரம். இருக்கிற கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளே வாசலை ஒட்டியே கட்டில், நிற்க ஒன்றரை அடிதான் இடம். இதைப் படித்தபோது எனக்குப் பட்டது, அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வலையைப் பற்றி இல்லை. ஏற்கெனவே ஒரு கதவு இருக்கிற நிலைக்குள் இரண்டாவது கதவு ஒன்றை முட்டாமல் எப்படி மாட்டுவது, மாட்டிய பிறகு உள்ளே படுத்திருப்பவர் மழை வந்தால் வெளிக்கதவை எப்படி இழுத்துச் சாத்துவது என்பதுதான். அதற்குத்தான் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் 22 வருடமாக அலுமினியப் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன் மாதவரத்தில் வேன், லாரிகளுக்குப் பாடி கட்டும் ஷெட்டில் ஆறு வருடம் வேலை. வீடுகளுக்குப் போட்ட கொசுவலைக் கதவுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் தங்கும் வசதியுள்ள வேனுக்கும் ட்ரெய்லருக்கும் போட்டது மொத்தம் ஏழுதான். அதனால் சட்டம், வலை, துரு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற வண்டியில் அது எத்தனை வருடம் தாங்கும் என்பது பற்றி நான் சொல்வது ஏழு கதவு தந்த அனுபவம், அவ்வளவுதான். உங்கள் வாசலை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதையும் மனதில் வையுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கொசு வலையைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. வலையைச் சுற்றி நாம் விட்ட இடுக்கு வழியாக வருகிறது. நாம் விடும் மூச்சில் இருக்கிற கரியமில வாயு, உடம்பு வாடை, உடம்புச் சூடு, இவற்றை வைத்துத்தான் அது ஆளைக் கண்டுபிடிக்கிறது. நான்கு பேர் படுத்திருக்கும் சின்னக் கூண்டுக்குள் அந்தக் காற்று எந்த இடுக்கு வழியாகக் கசிகிறதோ, அதே இடுக்கைத் தேடி வெளியே இருக்கிற கொசு வந்து சேரும். பட்டறையில் நான் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவு ஏடிஎம் கார்டு. ஒரு கார்டின் கனம் 0.76 மி.மீ. இரண்டு கார்டைச் சேர்த்துப் பிடித்து ஓர் இடுக்கில் நுழைக்க முடிந்தால் அங்கே கொசுவும் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த ஸ்டீல் வலை போட்டு, அடியில் அரை அங்குலம் இடுக்கு விட்ட கதவுகளை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்கள் வலையைத்தான் குறை சொல்வார்கள்.

காந்தத் திரை ஏன் தோற்றது என்பதும் இதிலேயே இருக்கிறது. அதற்குச் சட்டம் இல்லை. காற்று தள்ளும்போது துணி வயிறு போல உப்பும், நடுவில் இருக்கிற காந்தங்கள் ஒவ்வொன்றாக விடும். வீட்டுக்குள் ஓர் அறைக்கு அது ஓரளவு சரி. ஏரிக்கரைக் காற்றுக்கு இறுக்கமான சட்டம் வேண்டும்.

வலையைப் பற்றிச் சுருக்கமாக. கடையில் எதைக் கேட்டாலும் பலர் நெட்லான் என்று ஒரே பெயரில்தான் சொல்வார்கள், ஆனால் சரக்கு வேறு வேறு. பச்சை, நீல நிற பிளாஸ்டிக் வலை வெயிலில் மொறுமொறுவென்று ஆகி உதிரும், வேண்டாம். அலுமினிய வலை ஒரு முறை முழங்கை பட்டால் குழி விழுந்தது விழுந்ததுதான், உப்புக் காற்றில் வெள்ளைப் பொடியும் பூக்கும். மிஞ்சுவது இரண்டு: பிவிசி பூசிய ஃபைபர் கிளாஸ் வலை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. ஸ்டீலில் 304 தரம் எண்ணூர், காசிமேடு பக்கத்துக் காற்றில் பழுப்புப் புள்ளி விடும். மாலிப்டினம் கலந்த 316 தரம் தாக்குப்பிடிக்கும், ஆனால் விலை அதிகம், வீட்டில் வைத்து இழுத்துக் கட்டுவதும் கஷ்டம். முதல் முறை கதவு செய்கிறவருக்கு நான் ஃபைபர் வலையைத்தான் சொல்வேன். துருப்பிடிக்காது, கத்தியால் வெட்டலாம், கிழிந்தால் அரை மணி நேரத்தில் மாற்றலாம். நெருப்புப் பட்டால் மட்டும் தாங்காது, அதனால் அடுப்பு கதவை ஒட்டி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். அங்குலத்துக்கு 18-க்கு 16 கண் உள்ள வலை கேளுங்கள். கொசுவுக்கு அது போதும். அந்த வலையில் காற்றுக்குத் திறந்திருப்பது பரப்பில் மூன்றில் இரண்டு பங்குதான். இன்னும் பொடியான கண் வாங்கினால் காற்று இன்னும் குறையும். உப்பங்கழி ஓரத்தில் அந்தி நேரத்தில் கடிக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடிப்பூச்சி இருக்கிறதே, அது இந்த வலைக்குள் நுழைந்துவிடும். அதற்காகப் பொடிக்கண் வலை போட்டுக் காற்றை இழப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் போடமாட்டேன், அந்த ஒரு மணி நேரம் விசிறி வைத்துக்கொள்வேன். நிறத்தில் கறுப்பு எடுங்கள். வெள்ளை வலை வெளிச்சத்தில் பளபளத்து வெளியே எதுவும் தெரியாமல் செய்யும், கறுப்பு வலை கண்ணுக்கு மறைந்துவிடும்.

இப்போது அளவு. கையால் கட்டிய கூண்டின் வாசல் சரியான செவ்வகமாக இருப்பது அபூர்வம், அதுவும் பழைய சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) மீது கட்டியது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததை எடுங்கள். உயரமும் அப்படியே. அப்புறம் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வாசலை 600-க்கு 1600 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் இரண்டு மூலைவிட்டமும் 1709 மி.மீ. அருகே ஒன்றாக வர வேண்டும். இரண்டுக்கும் 7 மி.மீ. வித்தியாசம் இருந்தால் நிலையின் மேல்பக்கம் 10 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கதவைச் சுற்றி நாம் விடப்போவதே 3 மி.மீ. என்கிறபோது 10 மி.மீ. சாய்வு சும்மா இல்லை. இன்னொன்று, வண்டியோடு மாட்டி நிற்கும்போது ஒரு முறையும், கழற்றி நான்கு மூலைக் காலும் இறக்கி நிறுத்திய பிறகு ஒரு முறையும் அளந்து பாருங்கள். கால்களைச் சமமாக இறக்காவிட்டால் கூண்டு முறுக்கிக்கொள்ளும், மூலைவிட்டம் மாறும். நீங்கள் தூங்கப் போவது கால் இறக்கிய நிலையில்தான், அதனால் அந்த அளவுக்குத்தான் கதவு.

சாய்வு இருந்தால் கதவைச் சாய்வாக வெட்டாதீர்கள். 20 மி.மீ. அலுமினிய எல்-ஆங்கிளில் தனியாக ஓர் உள்நிலை செய்யுங்கள். தரையில் வைத்து மூலைமட்டம் பார்த்து, நேரான செவ்வகமாக ரிவெட் அடித்து, அதை வாசலுக்குள் வைத்து, இடுக்கு விழும் பக்கம் தகடோ பிளாஸ்டிக் துண்டோ முட்டுக் கொடுத்து, ஓரத்தைச் சிலிக்கானால் அடைத்துவிடலாம். இந்த ஆங்கிளின் ஒரு கை நிலையோடு ஒட்டும், இன்னொரு கை வாசலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். வலைக்கதவு சாத்தும்போது அந்தக் கை மீது வந்து அமரும். சுற்றிலும் இருக்கிற 3 மி.மீ. இடுக்கை அந்தக் கை மறைத்துவிடும். அதன் மீது ஈபிடிஎம் எனப்படும் வெயில் தாங்கும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். மெத்தென்ற சாதாரண பஞ்சுப் பட்டை மலிவு, ஆனால் இரண்டு கோடையில் பொடிப்பொடியாக உதிரும். இந்த அமரும் விளிம்பைக் கீல் பக்கத்திலும் விடாமல் போடுங்கள். கீல் இருக்கிற பக்கம் இடுக்கு இருக்காது என்று நினைத்து விடுகிறவர்கள் அதிகம், இரண்டு கீலுக்கு நடுவேதான் கொசு வரும்.

அடுத்து, எந்தப் பக்கம் திறப்பது. உள்பக்கம் திறக்கும் வலைக்கதவு செய்வதற்கு எளிது. வெளிக்கதவோடு மோதாது, வலைக்கதவைத் திறந்து கையை நீட்டி வெளிக்கதவைச் சாத்தலாம். உள்ளே இரண்டு அடி காலியிடம் இருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு ஒன்றரை அடிதான் இருக்கிறது. கட்டிலில் இருந்து ஒரு போர்வை நழுவி விழுந்தாலே கதவு திறக்காது. உள்ளே அடுப்பு இருக்கிற கூண்டில், அவசரத்துக்குத் தள்ளினால் வெளியே திறக்கிற கதவுதான் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கவாட்டில் தள்ளும் கதவுக்குச் சுவரோரம் இரண்டு அடி இடம் வேண்டும், அங்கே கட்டில் இருக்கிறது. சுருள் போல உள்ளே போகும் ரெடிமேட் வலை வீட்டு ஜன்னலுக்கு அழகு. ஆனால் நான் ட்ரெய்லரில் மாட்டிய ஒன்று செம்மண் தூசியில் அடைத்து ஆறே மாதத்தில் இழுக்க முடியாமல் போனது. ஒரே ஒரு உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்கு வேறு மாதிரி அமையலாம்.

ஆக, வெளிப்பக்கம் திறக்கும் வலைக்கதவு. கீல் எந்தப் பக்கம் என்றால், வெளிக்கதவின் கீல் இருக்கிற அதே பக்கம். அது வண்டியின் முன்பக்கமாக இருக்க வேண்டும், ஓடும்போது தாழ்ப்பாள் விட்டாலும் காற்று கதவைச் சாத்தத்தான் செய்யும். உங்களுடையது பின்பக்கம் இருந்தால் வலைக்கதவைப் பற்றி யோசிக்கும் முன் அதை மாற்றுங்கள். வலைக்கதவு நிலைக்குள் உள்வாங்கி இருப்பதால் 90 பாகை அளவுக்குத்தான் திறக்கும். ஆள் போய்வர அது தாராளம்.

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இரண்டு இடம் வருகிறது. முதலாவது, வெளிக்கதவின் உள்பக்கக் கைப்பிடி. அது கதவு முகத்திலிருந்து ஒன்றரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும். வெளிக்கதவைச் சாத்தினால் அது நேராக வலைமீது போய் இடிக்கும். சட்டம் எல்லாம் செய்து முடித்து, வலையும் கட்டி, மாட்டும் நாளில்தான் இது தெரியும். நானும் முதல் வேனில் அப்படித்தான் கண்டுபிடித்தேன். வழி இரண்டு. உள்ளே பதிந்த வகைக் கைப்பிடியாக மாற்றலாம். அல்லது கைப்பிடிக்கு நேரே வலைக்கதவில் ஒரு சின்ன ஜன்னல் விடலாம். வெளிநாட்டுக் கேரவன்களின் வலைக்கதவில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுமூடி இருக்கும், அதே யோசனைதான். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், ஏனென்றால் அடுத்த பிரச்சினைக்கும் அந்த ஜன்னல் தேவைப்படுகிறது.

இரண்டாவது, வெளிக்கதவை உள்ளிருந்து சாத்துவது. இரண்டும் வெளியே திறக்கும் கதவுகள், வலைக்கதவு உள்ளே, பெரிய கதவு வெளியே. அதனால் வலைக்கதவு முதலில் சாத்த வேண்டும், பிறகுதான் பெரியது. வலைக்கதவைச் சாத்திய பின் பெரிய கதவு நம் கைக்கு எட்டாது. அந்தச் சின்ன ஜன்னல் வழியாக ஒரு நாடா, பெரிய கதவின் உள்கைப்பிடியில் கட்டி, உள்ளே ஒரு கொக்கியில் மாட்டி வைத்தால் படுத்த இடத்திலிருந்தே இழுக்கலாம். சைக்கிள் கேரியரில் கட்டும் தட்டையான நைலான் நாடா எடுங்கள். உருண்டைக் கயிறு வேண்டாம், அதன் மீது ஜன்னல் மூடி சரியாக அமராது, அங்கே இடுக்கு விழும்.

நாடாவைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். இழுத்தேன், கதவு அசையவில்லை. பெரிய கதவு முழுக்க 180 பாகை திரும்பி வெளிச்சுவரோடு ஒட்டி நின்றால், அதன் கைப்பிடி, கீல், நம் கை மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். அப்போது எவ்வளவு பலமாக இழுத்தாலும் அந்த இழுப்பு கீலைத்தான் இழுக்கும், கதவைத் திருப்பாது. அதனால் பெரிய கதவைச் சுவர் வரை போகவிடாமல் 150 பாகையில் நிறுத்துங்கள். இரண்டு அடிக் கதவின் கைப்பிடி அப்போது சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி நிற்கும், நாடாவை லேசாக இழுத்தாலே திரும்பி வரும். நிறுத்துவதற்குக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே முனையில் ரப்பர் வைத்த ஒரு குழாய்த் துண்டைச் சுவரில் பொருத்தினால் போதும். காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க, இழுத்தால் விடுகிற காந்தப் பிடி ஒன்று அதன் முனையில் வைக்கலாம். இரும்புக் கொக்கி வைத்தால் அதைக் கழற்ற வெளியேதான் போக வேண்டும், நாடா போட்டதே வீண்.

ஜன்னல் 150 மி.மீ. சதுரம் போதும், கை மணிக்கட்டு வரை போகும். தாழ்ப்பாள் பக்கத்து மூலையில், கைப்பிடி உயரத்தில் கதவின் குறுக்கே ஒரு நடுச்சட்டம் வரும், அதன் மீது இந்தச் சதுரத்தைக் கட்டுங்கள். மூடிக்கு 3 மி.மீ. அக்ரிலிக், மேலும் கீழும் சின்ன யு-சேனல், ஓரத்தில் வுல்பைல் எனப்படும் மென்மயிர்ப் பட்டை. நடுச்சட்டத்தை வேண்டாம் என்று விடாதீர்கள். குழந்தைகள் கதவைத் தள்ளுவது கைப்பிடியைப் பிடித்து இல்லை, வலையில் கை வைத்துத்தான். அடியிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு வலைக்குப் பதில் அலுமினியத் தகடு போடுங்கள். கால் படும், நாய் பிறாண்டும், செருப்பு இடிக்கும், அங்கே வலை ஒரு பயணம்கூடத் தாங்காது.

சட்டம் செய்வதற்கு, பீடிங் (வலையை அமுக்கிப் பிடிக்கும் ரப்பர் நாடா) அமரும் காடி உள்ள கொசுவலை செக்‌ஷன் என்று கேட்டால் பாரிமுனை செம்புதாஸ் தெரு, பிராட்வே பக்கத்து ஹார்டுவேர் கடைகளிலோ உங்கள் ஊர் அலுமினியக் கடையிலோ கிடைக்கும். ஓர் அங்குல அகலம், அரை அங்குலத் தடிமன், தகடு 1.2 மி.மீ. கனம் உள்ளதை எடுங்கள், அதற்கும் மெலிந்தது நம் சாலைக் குழிகளுக்கு ஆகாது. மொத்தம் ஐந்து மீட்டர், எடை ஒன்றேகால் கிலோ அளவுதான். தகடு, வலை எல்லாம் சேர்த்தாலும் கதவு இரண்டரைக் கிலோவைத் தாண்டாது. மரச்சட்டம் வேண்டாம் என்பது என் கருத்து. தேக்கு ரீப்பர் கிடைத்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும், நாம் விட்ட 3 மி.மீ. போய்விடும், கதவு சிக்கும். மூலைகளை 45 பாகையில் வெட்டி, உள்ளே கிளீட் (மூலையை இணைக்கும் எல் வடிவத் துண்டு) வைத்து, ஒவ்வொரு கைக்கும் இரண்டு ரிவெட் அடியுங்கள். ரிவெட் அடிக்கும் முன்னும் பின்னும் மூலைவிட்டம் பாருங்கள். வெட்டிய முனையை அரத்தால் ராவி விடுங்கள், பிசிறு இருந்தால் வலையை அறுக்கும்.

வலை கட்டும்போது செய்கிற தவறு, அளவுக்கு மீறி இழுப்பது. வலை முரசு போல விறைப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் இழுத்தால், நீளச் சட்டம் இரண்டும் நடுவில் உள்ளே வளைந்து கதவுக்கு இடுப்பு விழுந்துவிடும். மேசையில் பார்க்கும்போது தெரியாது. மாட்டிய பிறகு நடுவில் ஐந்து மி.மீ. இடுக்கு இருக்கும். இதற்கு, சட்டத்தை ஒரு பிளைவுட் பலகை மீது வைத்து, நீளச் சட்டங்களின் உள்பக்கம் நடுவில் மரக்கட்டை ஒன்றை இறுக்கமாக முட்டுக் கொடுத்து, அப்புறம் வலையைப் போடுங்கள். சுற்றிலும் இரண்டு அங்குலம் அதிகமாக வெட்டி, மேல்பக்கம் பீடிங்கை அமுக்கி, அடுத்து கீழ்ப்பக்கம், கடைசியாக இரண்டு பக்கவாட்டு. கையால் தடவிச் சுருக்கம் எடுக்கிற அளவுக்கு இழுத்தால் போதும். பீடிங்கை அமுக்கும் உருளை சின்ன விலைதான், ஸ்க்ரூடிரைவரால் அமுக்கினால் வலை கிழியும். மிச்ச வலையைப் புதுக் கத்தி முனையால் காடியின் வெளி ஓரமாக வெட்டுங்கள்.

கீல் மூன்று வையுங்கள், இரண்டு போதாது. அல்லது முழு நீளத்துக்கும் வரும் பியானோ கீல், வண்டிக்கு அதுதான் எனக்குப் பிடித்தது, இடுக்கும் குறையும். தாழ்ப்பாள் உள்ளேயும் வெளியேயும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும், பூட்டு வேண்டாம். மேலும் கீழும் ஒவ்வொரு காந்தப் பிடி இருந்தால் கதவு முறுக்காமல் ரப்பர் மீது சமமாக அமரும். அடிப்பக்கம் தரைக்கும் கதவுக்கும் 5 மி.மீ. விட்டு, அங்கே பிரஷ் பட்டை போடுங்கள். அடியைச் சிலிக்கான் வைத்து முழுவதும் அடைக்காதீர்கள், மழைத்தண்ணீர் வெளியேற வழி வேண்டும்.

துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், கடலுக்கும் நமக்கும் இடையே இருக்கிற தூரம் அப்படி. உங்கள் கூண்டு இரும்பு பாக்ஸ் குழாய், கதவு அலுமினியம். இரண்டும் நேராக ஒட்டி, நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும், ஒரு மின்கலம் போல அது வேலை செய்கிறது. காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு வேலை செய்கிற ஒருவர் என் பட்டறைக்கு வருவார். இரண்டு உலோகம் சேருகிற எந்த இடத்திலும் பழைய டியூப் ரப்பரை வெட்டி நடுவே வைக்காமல் அவர் ஒரு போல்ட்கூட முடுக்கமாட்டார். அவரைப் பார்த்துத்தான் நானும் பழகினேன். உள்நிலை ஆங்கிளுக்கும் இரும்புக்கும் நடுவே பெயின்ட்டும் ரப்பர் பட்டையும் கட்டாயம். திருகாணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், அடியில் நைலான் வாஷர், நுழையும் துளையில் ஒரு சொட்டுச் சிலிக்கான். பளபளவென்று முலாம் பூசிய சாதாரணத் திருகாணி ஒரு மழைக்காலத்தில் செம்பழுப்பாகிவிடும். பித்தளைத் திருகாணி அலுமினியத்துக்கு அதைவிடக் கெடுதல். சாதாரண பாப் ரிவெட்டில் உடல் அலுமினியம், நடு ஆணி இரும்பு. உடைந்து உள்ளே தங்கும் அந்த இரும்புத் துண்டுதான் பிறகு துருக்கோடு வடிய விடுவது. ஆணியும் அலுமினியமாகவோ ஸ்டெயின்லெஸ் ஆகவோ உள்ள ரிவெட் கேட்டு வாங்குங்கள். துளை போட்ட அன்றே இரும்புப் பிசிறைத் துடைத்து எடுங்கள்.

கதவு சரியாக அமைந்த பிறகும் புழுக்கம் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி, இரண்டும் வேண்டும். எதிர்ச்சுவரில் ஒரு வலை ஜன்னலோ கூரையில் ஒரு வென்ட்டோ இல்லாமல் கதவு மட்டும் பெரிதாக உதவாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் சிலிண்டர் அறைக்குத் தரை மட்டத்தில் திறப்பு இருந்தாக வேண்டும். கொசுவுக்குப் பயந்து அதை அடைத்துவிடாதீர்கள், ஸ்டீல் வலை மட்டும் போட்டு, தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேராமல் துடைத்து வையுங்கள். வலைக்கதவு இருக்கிறதே என்ற தைரியத்தில் பெரிய கதவையும் சாத்திவிட்டு உள்ளே அடுப்பு எரிய விடுவது கூடவே கூடாது. அடுப்புக்கரித் தணலைச் சூட்டுக்காக உள்ளே கொண்டு வருவதும் அப்படியே, கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

கொசுவிலும் நேர வித்தியாசம் உண்டு. பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்தில் நாம் வளர்ந்ததால் கொசு என்றால் ராத்திரி என்றே பழகிவிட்டோம். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் அப்படித்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் வளரும். உங்கள் ட்ரெய்லரின் தண்ணீர்த் தொட்டி, மேலே கட்டிய தார்ப்பாயில் தேங்கும் மழைநீர், உதிரி டயர் இவைதான் அதற்குப் பிடித்த இடம். வீட்டு வாசலில் வண்டி நிற்கிற நாட்களில் இவற்றைக் காலி செய்து வையுங்கள். பகல் தூக்கத்துக்கும் வலைக்கதவைச் சாத்துங்கள்.

சட்ட விஷயம் என் துறை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது என்பது தெரியும். நிலைக்குள் அடங்கும் ஒரு வலைக்கதவு வண்டியின் அளவையோ வகையையோ மாற்றுவதில்லை என்பது என் எண்ணம். ஆனால் சரக்கு ட்ரெய்லர் தங்கும் கூண்டாக மாறியிருக்கிறதே, அந்தக் கேள்வியை உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவுப் புத்தகத்தோடு போய் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

மாட்டி முடித்த அன்று இரவு ஒரு சோதனை செய்யுங்கள். தெரு விளக்கு இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, உள்ளே பெரிய பல்பு போட்டு, பெரிய கதவைத் திறந்து வைத்து, வலைக்கதவை மட்டும் சாத்தி, வெளியே நின்று சுற்றிலும் பாருங்கள். வலை முழுக்க மங்கலாகத் தெரியும். அதன் ஓரத்தில் எங்கே கூர்மையான வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கே கார்டு இரண்டையும் நுழைத்துப் பாருங்கள். அப்படியே வண்டியைச் சுற்றி வந்து தரையிலும் பாருங்கள். டெயில் லைட் வயர் போகும் துளை, சிங்க் குழாய் இறங்கும் துளை, கூண்டும் சேஸியும் சேரும் மூலை, இங்கேயெல்லாம் வெளிச்சம் தெரியும். கதவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இவை திறந்திருந்தால் பயன் இல்லை.

அப்புறம் வலைக்கதவைத் தாழ் போட்டு, பெரிய கதவையும் பூட்டி, மீஞ்சூர் வரை ஒரு முறை இழுத்துக்கொண்டு போய்த் திரும்புங்கள். வலைக்கதவைத் திறந்தபடி ஒருபோதும் ஓட்டாதீர்கள். வந்ததும் மூலைவிட்டத்தை மறுபடி அளந்து, ரிவெட், கீல் திருகாணி எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பார்த்து, அன்றிரவே வெளிச்சச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். பழவேற்காட்டுக்கு அதன் பிறகு கிளம்பலாம். நடுவில் சந்தேகம் வந்தால் வாசலின் இரண்டு மூலைவிட்ட அளவு, நிலையின் ஆழம், வெளிக்கதவுக் கைப்பிடி எவ்வளவு துருத்துகிறது, இந்த நான்கு எண்களை மட்டும் எழுதுங்கள். ஜன்னல் எந்த உயரத்தில் வர வேண்டும், கீல் எங்கே வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.